வெள்ளைச் சுவரும் சிவப்புத் தரையும்

பதினேழாம் நூற்றாண்டிலே கண்டி இராச்சியத்திற் கைதியாக வாழ்ந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயன், தான் குடியிருப்பதற்குச் சிறு வீடொன்றைக் கட்டிக்கொண்டான். வேலை முடிந்ததும் தன் நாட்டு வழக்கப்படி சுவர்களுக்குச் சுண்ணாம்பு தீற்றி வெண்மையாக்கினான். அதன் பின்னரே தான் செய்த காரியத்தின் பாரதூரம் அவனுக்குத் தெரியவந்தது. அந்நாட்டிலே சுண்ணாம்பு அரச மாளிகைகளுக்கும் தெய்வங்களின் கோயில்களுக்கும் மாத்திரமே உரியது; அனுமதியின்றி அதனைத் தன் வீட்டுக்குப் பயன்படுத்துபவன் உயிரிழக்க நேரலாம். அந்நியன் என்ற காரணத்தால் எவரும் அவனைக் காட்டிக்கொடுக்க முனையவில்லை. நொக்ஸ் தப்பினான்.

1660 ஆம் ஆண்டிலே திருகோணமலைக்கு அண்மையிற் பிடிபட்டு, 1679 இல் ஒல்லாந்தர் வசமிருந்த அரிப்புக் கோட்டைக்குத் தப்பியோடும்வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்சியின் கீழ் வாழ்ந்தவன் அவன். 1681 இல் இலண்டனில் வெளியான அவனுடைய நூலிலே அரசர், போர், யானை ஆகியவை பற்றிய செய்திகளைத் தேடுவோர் பலர். நாம் இங்கே தேடுவது வேறு. குடிமக்கள் ஒரு மாடிக்கு மேற்பட வீடு கட்டலாகாது, கூரைக்கு ஓடு போடலாகாது, சுவருக்குச் சுண்ணாம்பு பூசலாகாது என்று அவன் எழுதிவைத்தான். அத்துடன், சுண்ணாம்பைப் போலவே வெண்மையான களிமண் ஒன்று அங்கே உண்டென்றும், மக்கள் சில வேளைகளில் அதனைப் பூசிக்கொள்வர் என்றும் குறித்துள்ளான். அரசனது கட்டளை சுண்ணாம்பைத் தடுத்தது. வெள்ளைச் சுவரில் மக்களுக்கிருந்த விருப்பத்தைத் தடுக்க அதனால் முடியவில்லை.

நமது நாட்டின் கட்டடக் கலை வரலாற்றை எழுதியோர் தாதுகோபங்களையும் கோட்டைகளையும் அரண்மனைகளையும் அளந்து கணக்கிட்டிருக்கின்றனர். ஆனால், எத்தகைய சுவரையும் தரையையும் யார் கொண்டிருக்கலாம், அவற்றை நாள்தோறும் பேணியவர் யார் என்னும் கேள்விகள் பெரும்பாலும் எழுப்பப்படவேயில்லை. இன்று வீடு கட்ட முனைவோர் ‘நீண்ட நாள் நிற்கவேண்டும், பராமரிப்பு வேலை குறைவாக இருக்கவேண்டும்’ என்று விரும்புகின்றனர். நியாயமான விருப்பமே. ஆயினும் அந்த விருப்பத்துக்கும் ஒரு வரலாறுண்டு. அது கடைத்தெருவிலே தொடங்கிய வரலாறன்று.

சுண்ணாம்பிலே அப்படி என்னதான் இருந்தது? கல்லையோ முருகைக்கல்லையோ சிப்பியையோ காளவாயில் இட்டு ஏறக்குறைய 900 பாகை வெப்பத்திற் சுட்டால், அதிலிருந்து காபனீரொட்சைட்டு வெளியேறி நீற்றாத சுண்ணாம்பு எஞ்சும். நீர் விட்டு நீற்றிச் சுவரிற் பூசியதும் அது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை மெல்ல மெல்ல உறிஞ்சி மறுபடியும் கல்லாக மாறும். சுவரிலே பூசப்படுவது ஒரு குழம்பு. ஆண்டுகள் செல்ல அங்கே நிற்பது கல். அதன் காரத்தன்மை காரணமாகப் பூஞ்சணம் எளிதிற் பற்றாது. சுவர் மூச்சுவிடும், உள்ளே புகுந்த ஈரம் வெளியேறிவிடும். மழைக்கும் கறையானுக்கும் தப்பிப் பிழைக்கும் சுவர் வேண்டுமானால், சீமெந்து வரும்வரை இதைவிடச் சிறந்த பூச்சு கிடையாது. அதனாற்றான் அரசன் அதனைத் தனக்கும் தெய்வத்துக்குமென ஒதுக்கிவைத்தான். அரசனது சுவர் நிலைத்திருக்க, குடியானவனின் மண்சுவர் ஒவ்வொரு மழைக்காலத்திலும் கரைந்து, ஒவ்வொரு கோடையிலும் புதிதாகப் பூசப்பட்டது. நிலமானிய சமுதாயத்தின் ஏற்றத்தாழ்வைக் காட்டுதற்கு ஏட்டுச் சான்று வேண்டியதில்லை. இரண்டு சுவர்களைப் பார்த்தாற் போதும்.

வடக்கின் நிலைமை சற்று வேறு. யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதுமே சுண்ணாம்புக் கற்பாறைமீது படுத்திருக்கின்றது. மண்வெட்டி வைத்த இடமெல்லாம் கல் தட்டுப்படும். கடற்கரையிலே முருகைக்கல். போர்த்துக்கேயர் கட்டி, 1658 இற் கைப்பற்றிய ஒல்லாந்தர் திருத்திப் பெருப்பித்த யாழ்ப்பாணக் கோட்டையும் அந்தக் கல்லாலும் சுண்ணாம்பாலும் எழுந்ததே. பொருள் ஏராளம். இருந்தும் ஊரிற் பெரும்பாலானோர் மண்சுவரும் ஓலைக்கூரையுமாகவே வாழ்ந்தனர். இங்கே தடையாக நின்றது அரச கட்டளையன்று, காணியுறுதி. ஒடுக்கப்பட்ட சாதியினரிற் பலர் பிறருடைய காணியிலே கொட்டில் கட்டிக் குடியிருந்தவர்கள். காணிக்காரன் “எழும்பு” என்றால் அன்றைக்கே எழும்பவேண்டியவன், காளவாயிற் சுண்ணாம்பு வாங்கிக் கல்வீடு கட்டுவானா? நிலைத்து நிற்கும் பூச்சுக்கு நிலையான காணி வேண்டும். இந்தச் சாதாரண உண்மையை மறந்து, ‘அவர்களுக்கு வீட்டை வைத்திருக்கத் தெரியாது’ என்று பேசியோரை நானும் கேட்டிருக்கின்றேன். அவர்களிற் சிலர் படித்தவர்கள், ஆசிரியர்கள்.

இடையிலே ஒரு செய்தி. யாழ்ப்பாணத்து வீட்டுக்குள்ளே நாம் வழங்கும் சொற்களை எண்ணிப் பாருங்கள். யன்னல், விறாந்தை, குசினி, கதிரை, வாங்கு, அலுமாரி, சாவி: இவையெல்லாம் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தவை. வீட்டை விட்டு உத்தியோகத்துக்குப் போனாற் கந்தோர்; அது ஒல்லாந்தர் தந்தது. பின்னாளிற் சீமெந்து வந்தது. ஆனால் கூட்டுதல், மெழுகுதல், பூசுதல், தெளித்தல், கழுவுதல் ஆகிய சொற்கள் மாறவேயில்லை. பொருள்கள் கப்பலேறி வந்தன. அவற்றைத் துடைத்துப் பேணிய கைகள் மாறாததால் அந்த வேலைகளின் பெயர்களும் மாறவில்லை.

மெழுகுதல் என்னும் அந்த வேலையைக் கவனிப்போம். புறநானூற்றின் 249 ஆம் பாட்டிலே, கணவனை இழந்த ஒருத்தி சுளகளவான சிறிய இடத்தைச் சாணத்தால் மெழுகுகின்றாள்; சாணத்தைக் கரைக்கும் நீர் அவளுடைய கண்ணீராகவே இருக்கின்றது. சங்கப் புலவர் துயரத்தைச் சொல்லத் தேர்ந்தெடுத்த காட்சி அது. அக்காட்சி அன்றைய கேட்போருக்குச் சட்டென்று விளங்கியிருக்க வேண்டுமானால், தரை மெழுகும் பெண் அன்றே எவ்வளவு பழகிய உருவமாக இருந்திருக்கவேண்டும்! இரண்டாயிரம் ஆண்டுகளாக அவள் எழும்பவில்லை.

சாணத் தரையை இகழ்வதற்கில்லை. சாணத்திலுள்ள நார்த்தன்மை மண்ணைப் பிணைத்து வெடிப்பைக் குறைக்கும், புழுதி எழாது, வெயிற்காலத்திற் குளிர்ச்சி தரும், காசு செலவில்லை. ஆனால் சில நாள்களிலே தேய்ந்துவிடும். வெள்ளிக்கிழமைக்கு மெழுகவேண்டும், விரத நாளுக்கு மெழுகவேண்டும், மழைச் சாரல் அடித்தால் மெழுகவேண்டும், செத்தவீடு முடிந்தால் மெழுகவேண்டும். சாணம் பொறுக்குவதும், கரைப்பதும், முழந்தாளிட்டுக் கையால் வளைத்து வளைத்து இழுப்பதும் பெண்ணின் பங்கு. என் தாயாரின் வலது உள்ளங்கையின் ஓரம் கடைசிவரை தடித்தே இருந்தது. பழைமையைப் போற்றுகின்ற நம் எழுத்தாளர் சிலர் சாணம் மெழுகிய முற்றத்தின் அழகைப் பற்றி உருக்கமாக எழுதுகின்றனர். அவர்களில் எத்தனை பேர் ஒரு தடவையாவது மெழுகியிருப்பார்கள் என்று கேட்பது பண்பற்ற கேள்வியாகாது.

இந்த வேலையிலிருந்து விடுபடுவது வெறும் வசதி பற்றிய விடயமன்று. மெக்சிக்கோவின் கோவாஹுயிலா மாநிலத்திலே 2000 ஆம் ஆண்டில், ஏழைகளின் மண்தரைகளுக்குச் சீமெந்து இடும் அரச திட்டமொன்று ஆரம்பமானது. ‘பீசோ ஃபிர்மே’, அதாவது உறுதியான தரை, என்பது அதன் பெயர். மாநில எல்லைக்கு அப்பால் இத்திட்டம் எட்டாத அயல் நகரக் குடும்பங்களுடன் ஒப்பிட்டு ஆராய்ச்சியாளர் 2009 இல் வெளியிட்ட முடிவுகள் தெளிவானவை. சிறு பிள்ளைகளிடையே ஒட்டுண்ணித் தொற்றும் வயிற்றோட்டமும் இரத்தச்சோகையும் குறைந்தன. அவர்களின் அறிவு வளர்ச்சி மேம்பட்டது. தாய்மாரின் மனச்சோர்வும் தணிந்தது. ஒரு தரை இவ்வளவையும் செய்தது. குழந்தை தவழும் இடத்திலேதான் அதன் உடல்நலம் தீர்மானிக்கப்படுகின்றது என்பதைத் தாய்மார் எப்போதும் அறிந்திருந்தனர். புள்ளிவிபரம் பின்னர் வந்தது.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துச் செங்கற்கொத்தன் ஜோசப் அஸ்ப்டின் 1824 இல் தன் சீமெந்துக்கு உரிமைப் பத்திரம் பெற்றான். போட்லண்ட் என்னுமிடத்துக் கட்டடக் கல்லை ஒத்திருப்பதாகக் கூறி அப்பெயரை அதற்குச் சூட்டினான். சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் சேர்த்து, இன்று ஏறக்குறைய 1450 பாகை வெப்பத்திற் சுட்டு அரைத்தெடுக்கப்படும் தூள் அது. சுண்ணாம்பைப் போலக் காற்றை எதிர்பார்த்துக் காத்திராமல் நீருடன் சேர்ந்ததும் இறுகத் தொடங்கும். குடியேற்ற ஆட்சிக் காலத்தில் அது நமக்கு இறக்குமதிப் பொருள். பாலம், துறைமுகம், கோப்பித் தோட்டம், பின்னர் தேயிலைத் தோட்டத்து ஆலை, துரையின் பங்களா என்பவற்றுக்குப் போனது. உழைப்பவனின் தரைக்கு வர நெடுங்காலம் பிடித்தது.

மலைநாட்டின் லயங்களை இங்கே நினைவுகூர வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகள் வரிசையாக, முதுகோடு முதுகாகவும் சில இடங்களில் ஒற்றை வரிசையாகவும், முன்னே ஓர் ஒடுங்கிய விறாந்தை, மேலே தகரம். வெளிச்சுவருக்கு வெள்ளையடித்தால், துரையின் குதிரைப் பாதையிலிருந்து பார்ப்பவனுக்கு ஒழுங்காகத் தோன்றும். உள்ளே அடுப்புப் புகையாற் கறுத்த சுவர், மெழுகிய மண்தரை. கண்டியரசன் குடிமகனுக்கு வெள்ளைச் சுவரை மறுத்தான். தோட்டத்துரை வெள்ளைச் சுவரைக் கொடுத்துவிட்டு வீட்டை மறுத்தான். 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் அந்தத் தொழிலாளரை நாட்டில்லாதவராக்கியது. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் அறை தோட்டத்துக்கே சொந்தம். சொந்தமில்லாத தரைக்குச் சீமெந்து இடுவதற்கு யார் கடன்படுவார்? 2015 இன் பின்னர் ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் என்ற பேச்சு எழுந்து, சில ஆயிரம் வீடுகள் கட்டப்பட்டுமுள்ளன. ஆயினும் இன்றுவரை பெருந்தொகையானோர் லயங்களிலேயே இருக்கின்றனர்.

சீமெந்து நம் கைக்கெட்டிய பொருளானதற்குக் காங்கேசன்துறைத் தொழிற்சாலை முக்கிய காரணம். ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்திலே, 1950 இல் அரசாங்க உடைமையாக அது இயங்கத் தொடங்கியது. கல் அவ்விடத்துக் கல். களிமண் மன்னாரின் முருங்கனிலிருந்து புகையிரதத்தில் வந்தது. அத்தொழிற்சாலை அயலிலிருந்த தென்னைகளிலும் கூரைகளிலும் சாம்பல் நிறத் தூசைப் படியவைத்ததும் உண்மை. கல் அகழ்ந்த பெருங்குழிகள் இன்றும் கிடப்பதும் உண்மை. ஆனால் சாதாரண ஆசிரியரும் எழுதுவினைஞரும் சுருட்டுத் தொழிலாளியும் சீமெந்துத் தரையொன்றைப் பற்றிக் கனவு காண முடிந்ததும் அந்தக் காலத்திலேதான்.

அந்தக் கனவின் நிறம் சிவப்பு. மேசன்மார் கொங்கிறீற்றுப் படுக்கையின் மேல், அது நன்றாய் இறுகுமுன்னரே, சீமெந்துடன் சிவப்புக் காவியைக் கலந்து மெல்லிய பூச்சாக இழுப்பர். காவி என்பது இரும்பு ஒட்சைட்டு, துருவின் உடன்பிறப்பு, ஆதலால் வெயிலிலும் எளிதில் வெளிறாது. இரும்புக் கரண்டியால் அழுத்தி அழுத்தித் தேய்க்கும்போது முகம் மினுங்கத் தொடங்கும். பின்னர் பல நாள்கள் தண்ணீர் கட்டி வைக்கவேண்டும், அவசரப்பட்டால் வெடிக்கும். அகன்ற அறையிலே கோடு கிழித்துப் பிரிக்காவிட்டாலும் வெடிக்கும். தேசிக்காய்ப் புளி பட்டால் தழும்பு விழும். குறைகள் இவ்வளவே. மற்றப்படி வெறுங்கால்கள் நடக்க நடக்க அது மேலும் மெருகேறும். ஈரத்துணியால் துடைத்தாற் போதும். மத்தியானத்தில் நிலத்திலே பாய் விரிக்காமலும் படுக்கலாம். நெல் கொட்டலாம், மிளகாய் பரப்பலாம், பந்தியிருத்தலாம், பிரேதத்தை வளர்த்தலாம். ஓரிடம் பழுதானால் ஊர் மேசனே வந்து ஒட்டுப்போடுவான். ஒட்டு தெரியும், அவ்வளவுதான். இன்று கப்பலில் வரும் மினுமினுப்பான மாபிள்கள் நீர் பட்டதும் வழுக்குகின்றன. ஒன்று உடைந்தால் அதே வகையைத் தேடிக் கடை கடையாக அலையவேண்டியிருக்கின்றது. நம் நாளாந்த வாழ்க்கைக்குப் பொருந்துவது எது என்று என்னைக் கேட்டால், பழைய சிவப்புத் தரையையே சொல்வேன்.

ஆனால் அந்தத் தரையையும் அப்பாவியாகக் கொண்டாடிவிட முடியாது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் வசதி படைத்த வீடுகளிலே சிவப்புத் தரைக்கு மெழுகுப் பொலிஷ் பூசிப் பளபளக்கச் செய்வது அந்தஸ்தின் அடையாளமாயிற்று. பாதியாக வெட்டிய தேங்காய் மட்டையின் மேல் ஒரு காலை வைத்து, மற்றக் காலை ஊன்றி, அறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குத் தேய்த்துத் தேய்த்துப் போகவேண்டும். தேய்த்தது யார்? பெரும்பாலும் மலைநாட்டு லயமொன்றிலிருந்து வேலைக்குக் கொண்டுவரப்பட்ட சிறுமியோ சிறுவனோ. தன் வீட்டிலே மண்தரையைக்கூடச் சொந்தமாகக் காணாத பிள்ளை, பிறர் வீட்டுத் தரையிலே தன் முகம் தெரியும்வரை தேய்த்தது. ‘பராமரிப்புக் குறைந்தது’ என்று வீட்டுக்காரர் மெச்சிய தரை அது. வேலை குறையவில்லை, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு நகர்த்தப்பட்டது.

பொருள்களின் கதையும் பெரும்பாலும் இவ்வாறே. தென்மேற்குக் கரையிலே சுண்ணாம்புக்காக முருகைக்கற் பாரை உடைத்தனர். உடைத்தவர்கள் வேறு வாழ்வற்ற ஏழைகள். 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை வந்தபோது, பார் அழிக்கப்பட்டிருந்த பெரலிய போன்ற இடங்களில் கடல் வெகுதூரம் உட்புகுந்ததையும், பார் எஞ்சியிருந்த ஹிக்கடுவையில் அவ்வாறு நேராததையும் ஆய்வாளர் கண்டனர். வர்ணப் பூச்சின் கதை இன்னும் கசப்பானது. நீடித்து உழைக்கும், நன்றாக மூடும் என்று விளம்பரம் செய்யப்பட்ட வெள்ளை ஈயம், பூசிய தொழிலாளரின் நரம்புகளைக் கெடுத்தது. உரிந்த துணுக்குகள் குழந்தைகளின் வாய்க்குப் போயின. 1921 இலேயே சர்வதேசத் தொழில் தாபனம் கட்டடங்களின் உட்பூச்சுக்கு அதனைத் தடைசெய்யும் உடன்படிக்கையை நிறைவேற்றிற்று. நம் நாட்டிலே வர்ணங்களில் ஈயத்துக்கு வரம்பு நடைமுறைக்கு வந்ததோ 2013 இல். கல்நார்த் தகடு பற்றியும் சொல்லவேண்டும். புற்றுநோய் தருவது அது என்பதில் ஐயமில்லை. படிப்படியாக நிறுத்தவும் அரசாங்கம் தீர்மானித்திருந்தது. 2017 டிசம்பரில் ரூசியா நமது தேயிலையைப் பூச்சியைக் காரணங்காட்டி நிறுத்திவைத்ததும், கல்நார்த் தடை கைவிடப்பட்டது. தேயிலையும் மீண்டும் கப்பலேறியது. ஏழையின் கூரையை எது மூடும் என்பது இவ்வாறு தீர்மானமானது.

யுத்தத்தின் பின் வடக்கிலும் கிழக்கிலும் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ் ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா வழங்கப்பட்டது. மக்களே நின்று கட்டினர். தொகை போதவில்லை. அத்திவாரமும் சுவரும் கூரையும் எழுந்தபின், பணம் முடியும் இடம் எப்போதும் பூச்சுத்தான். கற்கள் தெரியும் சுவர்களோடும் கரடுமுரடான தரையோடும் ஆண்டுக்கணக்காக நின்ற வீடுகளை வன்னியிலே காணாதவர் யார்? நகையை அடைவு வைத்துப் பூசி முடித்தோரும், கடனுக்கு வட்டி கட்டி இளைத்தோரும் உண்டு. 2016 இலே வேறொரு யோசனை வந்தது. பன்னாட்டு உருக்கு நிறுவனமொன்றின் மூலம் 65,000 பொருத்து வீடுகள். வீடொன்றுக்கு ஏறக்குறைய 21 இலட்சம் ரூபா. மாதிரி வீடுகளைப் பார்க்கப் போன பெண்கள் கேட்ட கேள்விகளுக்கு ஒப்பானவற்றைப் பொறியியலாளரும் கேட்டனர். வெயிலிலே உள்ளே இருக்கலாமா? விறகடுப்பை எங்கே வைப்பது? பிள்ளை கலியாணம் முடித்தால் இன்னோர் அறை இறக்க முடியுமா? பழுதானால் ஊர் மேசனாலும் தச்சனாலும் திருத்த முடியுமா, அல்லது கொம்பனிக்குக் கடிதம் எழுதவேண்டுமா? அந்தப் பணத்தில் ஊரிலேயே கல்லரிந்து, ஊராருக்கு வேலை கொடுத்து, கல்வீடு கட்டலாமென்று எதிர்ப்பு வலுத்தது. திட்டம் எண்ணியவாறு நிறைவேறவில்லை. தமக்கு வேண்டிய சுவர் எது என்பதை வீட்டுக்குரியோரே வாய்திறந்து சொன்ன அபூர்வமான தருணங்களில் அது ஒன்று.

காங்கேசன்துறைத் தொழிற்சாலை 1990 இல் யுத்தத்தினால் மூடப்பட்டது. அதே ஆண்டிலே வலிகாமம் வடக்கின் மக்கள் கையிற் கிடைத்தவற்றோடு வெளியேறினர். இராணுவ வலயத்திலிருந்து காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டபோது, இருபது இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துத் திரும்பியோருக்கு எல்லையும் தெரியவில்லை, ஒழுங்கையும் தெரியவில்லை. கூரை போயிருந்தது; யன்னலும் நிலையும் போயிருந்தன; சுவர்கள் தரைமட்டமாக்கப்பட்டிருந்தன. பற்றையை வெட்டிக்கொண்டு போனவர்களிற் பலர் முதலிற் கிணற்றைக் கண்டார்கள். அதன்பின் மண்ணைக் கையாலே தள்ளினார்கள். ஒருவர் தண்ணீர் அள்ளி ஊற்றினார். உள்ளே சிவப்பு நிறம் தெரிந்தது. “இது எங்கட அறை, இது குசினி, இதிலே அம்மா சுளகோடு இருப்பா” என்று காலால் அளந்து அளந்து அவர் தம் பிள்ளைகளுக்குக் காட்டினார்.